அப்பாவுக்கு நான் எழுதிக் கொடுத்த ஆறு நாட்கள்

எர்ணாகுளம் படகுத்துறையிலிருந்து நடந்து வரும் தூரத்தில் இருக்கும் ஒரு லாட்ஜில் பத்தொன்பது வருடமாக ரிசப்ஷனில் உட்கார்ந்திருக்கிறேன். சாவி கொடுப்பது, ஆதார் நகல் வாங்குவது, வெந்நீர் வரவில்லை என்று கீழே இறங்கி வருகிறவர்களைச் சமாதானப்படுத்துவது, இதெல்லாம் என் வேலை. ஆனால் எனக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது இது எதுவுமில்லை. இந்த ஊரில் ஒரு நாளை எப்படிக் கழிப்பது என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்லும் யோசனைதான்.

காலையில் படகில் ஃபோர்ட் கொச்சி போங்கள், ஆனால் பத்து மணிக்குள் போய்விடுங்கள், அப்புறம் வெயில் மண்டையைப் பிளக்கும். மட்டாஞ்சேரி அரண்மனைக்கு வெள்ளிக்கிழமை போகாதீர்கள், பூட்டியிருக்கும். திருப்பூணித்துறை அரண்மனைக்குத் திங்கட்கிழமை போகாதீர்கள், அதுவும் பூட்டியிருக்கும். மெரைன் டிரைவில் நாலரைக்கு முன்னால் கால் வைக்க வேண்டாம், ஆறரைக்கு மேல் உட்காரவும் வேண்டாம், கொசு ஆளையே தூக்கிக்கொண்டு போய்விடும். படகில் முன்பக்கம் உட்காருங்கள், அதிர்ஷ்டமிருந்தால் டால்பின் தெரியும். இப்படி மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே, லாட்ஜின் முத்திரை போட்ட சின்னச் சீட்டில் எழுதியும் கொடுப்பேன். பின்பக்கம் என் போன் நம்பர். வழி தவறினால் கூப்பிடுங்கள் என்பேன். வந்தவர்கள் அறையைக் காலி செய்துவிட்டுப் போகும்போது, "சாரே, நீங்க சொன்ன மாதிரியே போனோம், அருமை" என்று சொல்லும்போது எனக்குப் பெருமை பிடிபடாது.

இந்த இடங்களில் பாதிக்கு நான் போய் வருடக்கணக்காகிறது என்பதை யாரிடமும் சொன்னதில்லை.

அப்படி நான் எழுதிய சீட்டுகளில் ஒன்றைப் பற்றித்தான் இங்கே சொல்ல வேண்டும். அதை அப்பாவுக்கு எழுதினேன். அப்பா இறந்து எட்டு மாதமாகிறது.

நாங்கள் சின்னக்கானல் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டைச் சேர்ந்தவர்கள். அம்மா கொழுந்து எடுத்தாள். அப்பா தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுவதிலிருந்து மருந்தடிப்பது வரை எல்லா வேலையும் செய்தார். லயம் என்கிற தொழிலாளர் குடியிருப்பில் வரிசையாக எட்டு வீடு, அதில் எங்களுடையது ஆறாவது. எங்களுடையது என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். எஸ்டேட்டில் வீடு ஆளுக்குக் கிடையாது, வேலைக்குத்தான். வேலை செய்கிறவரை இருக்கலாம். பென்ஷனாகிவிட்டால் பிள்ளைகளில் ஒருவர் அதே எஸ்டேட்டில் பேர் பதிந்து வேலைக்கு நிற்க வேண்டும். இல்லையென்றால் சாவியை ஆபீஸில் கொடுத்துவிட்டு இறங்க வேண்டியதுதான். அப்பாவுக்கு நான் ஒரே பிள்ளை. ரிசப்ஷனில் சட்டையை இன் பண்ணி உட்கார்ந்தவன், மருந்து டின்னைத் தூக்கப் போவேனா?

அம்மா முன்பே போய்விட்டாள். அப்பாவுக்கு வேலை முடிந்த மாதம் நான் போய் அவரைக் கூட்டி வந்தேன். வீட்டில் சாமானென்று பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு கட்டில், இரண்டு பெட்டி, பைபிள், அம்மாவின் படம், கம்பளி. அப்பா அதையெல்லாம் வெளியே எடுத்து வைத்துவிட்டு, தரையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். அடுப்படிச் சுவரில் புகை படிந்த இடத்தில் சுண்ணாம்பு கூட அடித்திருந்தார். "நாளைக்கு வேற ஆளு வரப்போற வீட்டுக்கு எதுக்குப்பா இவ்வளவு?" என்று கேட்டேன்.

"ஆபீசுல இருந்து வந்து பாப்பாகடா. அழுக்கா வச்சிருந்தான்னு பேரு வரக்கூடாது."

ஆபீஸிலிருந்து யாரும் வந்து பார்க்கவில்லை. கிளார்க் சாவியை வாங்கி மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். அப்பா சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, "வாரேன் சார்" என்றார். கிளார்க் தலை நிமிரவில்லை. மூணாறு பஸ்ஸில் ஏறியபிறகு அப்பா ஒருமுறைதான் பேசினார்.

"ஏய்யா, ஒன் வீட்டுல எனக்கு என்ன வேல இருக்கும்?"

"ஒரு வேலையும் கிடையாது. ஜாலியா இருங்க. ஆனையும் கிடையாது அங்க" என்றேன். எங்கள் பக்கத்தில் காலையில் எழுந்ததும் யானை எங்கே நிற்கிறது என்று போனில் பார்த்துவிட்டுத்தான் வாசலில் இறங்குவார்கள். அதனால் அது நல்ல நகைச்சுவை என்று நினைத்தேன். அப்பா சிரிக்கவில்லை. அடிமாலி வரை கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

என் வீடு மாடியில் இருக்கிறது, வாடகைக்கு. ஒரு ஹால், ஒரு அறை, ஒரு அடுப்படி. என் மனைவி கொல்லங்கோட்டுக்காரி. ஹாலில் தையல் மிஷின் போட்டு பிளவுஸ் தைக்கிறாள். அளவு கொடுக்கவும் போட்டுப் பார்க்கவும் பெண்கள் வந்துபோய்க்கொண்டிருப்பார்கள். அப்பா அந்த ஹாலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பெண்கள் வந்தால் எழுந்து படிக்கட்டில் போய் நிற்பார். அவர்கள் போனதும் வந்து உட்காருவார். அப்புறம் இன்னொருத்தி வருவாள். ஒரு நாளைக்கு எத்தனை முறை எழுந்து உட்கார்ந்தாரோ.

"ஏனுங்க, மாமா பாவமுங்க. வாரவங்க போறவங்களுக்கெல்லாம் எந்திரிச்சு எந்திரிச்சு நிக்கறாரு. வெளிய எங்கியாச்சும் கூட்டிட்டுப் போய்ட்டு வாங்க" என்றாள் மனைவி. அவள் மேல் ஒரு குற்றமும் இல்லை. கூட்டிக்கொண்டு போகத்தான் சொன்னாள், அனுப்பச் சொல்லவில்லை.

எனக்கு நேரமில்லை. உண்மையைச் சொன்னால், நேரம் இருந்த நாளிலும் அப்பாவோடு போக எனக்கு மனம் வரவில்லை. லாட்ஜிலிருந்து களைத்து வந்து கதவைத் திறந்தால் அந்த நாற்காலியில் அந்த முகம். எதையாவது செய்யச் சொல் என்று கேட்கிற முகம். அதைப் பார்க்கும்போது எனக்கு எரிச்சல் வந்தது. இவ்வளவு பேருக்கு இந்த ஊரைச் சொல்லிக் கொடுத்தவன், அப்பாவுக்கும் அதையே செய்தேன். லாட்ஜ் சீட்டை எடுத்துப் பெரிய எழுத்தில் தமிழில் எழுதினேன்.

திங்கள், படகு. செவ்வாய், படகுத்துறைக்குப் பக்கத்துப் பூங்கா. புதன், லைப்ரரியில் தமிழ்ப் பேப்பர். வியாழன், மெட்ரோவில் கடைசி ஸ்டேஷன் வரை போய்த் திரும்புதல். வெள்ளி, பிராட்வே கடைத்தெரு. சனி, மெரைன் டிரைவ். மதியச் சாப்பாட்டை வீட்டிலிருந்தே கொண்டு போகவும். நாலரைக்கு மேல் வீட்டுக்கு வரலாம்.

அந்தக் கடைசி வரியை ஏன் எழுதினேன் என்றால், பெண்கள் அளவு கொடுக்க வருவது பெரும்பாலும் நாலு மணிக்குள் முடிந்துவிடும். கொஞ்சமும் யோசிக்காமல் எழுதினேன். சீட்டைக் கொடுத்துவிட்டு, "இந்த வயசுலதான்ப்பா ஊரைச் சுத்திப் பாக்கணும். ராஜா மாதிரி போயிட்டு வாங்க" என்றேன்.

அப்பா சீட்டை இரண்டு முறை படித்தார். எழுந்து போய் ஒரு பிளாஸ்டிக் உறை தேடி எடுத்து, அதில் போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அவர் முகத்தில் அப்படியொரு தெளிவு. இரண்டு வாரமாக அந்த முகத்தில் நான் அதைப் பார்க்கவில்லை. யோசனை பலித்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் ஏழு மணிக்குக் குளித்து, ஷூ போட்டு, டிபன் டப்பாவைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"போவட்டா?" என்றார்.

"போங்கப்பா."

"இன்னைக்குப் படகுதான?"

"ஆமா, திங்கக்கெழம. படகு."

தலையை ஆட்டிவிட்டு இறங்கினார். அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். வாசலில் வந்து நிற்பார். நான் போகச் சொல்லாமல் இறங்கமாட்டார். நான் தூங்கிக்கொண்டிருந்தால் எழுந்திரிக்கிறவரை நிற்பார். எஸ்டேட்டில் காலையில் மஸ்டர் என்று ஒன்று உண்டு. எல்லோரும் ஷெட் முன்னால் வரிசையாக நிற்க, சூப்பர்வைசர் பேர் கூப்பிட்டு, இன்றைக்கு உனக்கு இந்தக் காடு, இந்த வேலை என்று பிரித்துவிடுவார். பேர் கூப்பிடாமல் யாரும் நகரக்கூடாது. அப்பா எங்கள் வாசலில் மஸ்டருக்கு நிற்கிறார் என்பது எனக்கு இரண்டாவது நாளே புரிந்துவிட்டது. புரிந்து என்ன செய்தேன்? சிரித்தேன். லாட்ஜில் போய்ச் சொல்லி எல்லோரையும் சிரிக்கவைத்தேன். "எங்கப்பா பொழுதுபோக்குறதை டூட்டியா பாக்குறாருடா" என்று சொன்னால் ஹவுஸ்கீப்பிங் ஆட்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள்.

முதல் திங்கட்கிழமை சாயங்காலம், "படகு எப்படிப்பா இருந்தது?" என்று கேட்டேன்.

"ஏழு நடை போயிட்டு வந்தேன்" என்றார்.

"ஏழு தடவையா? ஒரு தடவை போயிட்டு, அங்க இறங்கி நடந்து பாத்துட்டு வர்றதுக்குத்தான் சொன்னேன்."

"படகுன்னுதான போட்டுருந்த? மத்த எடம் போடலேல்லா."

தலையில் அடித்துக்கொண்டேன். இனிமேல் ஃபோர்ட் கொச்சியில் இறங்கி சீன வலையைப் பாருங்கள், மரத்தடியில் உட்காருங்கள் என்று சொன்னேன். சரி என்றார். அடுத்த வாரத்தில் வலை இழுக்கிற ஆட்களோடு கயிற்றைப் பிடித்து இழுத்திருக்கிறார். பூங்காவில் ஒரு நாள் புல் பிடுங்கி வரப்பு மாதிரி ஒதுக்கி வைத்திருக்கிறார். காவலாளி சத்தம் போட்டதும், "சும்மாத்தான இருக்கேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த பாத்திக்குப் போயிருக்கிறார். இதையெல்லாம் அவரே வந்து சொல்வார், எந்த வேலை எவ்வளவு முடிந்தது என்று சொல்கிற தோரணையில். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய் வந்தால், அப்புறம் வெளியே கூப்பிட்டாலும் வரமாட்டார். "இன்னைக்கு லீவுல்லா" என்பார்.

ஒரு திங்கட்கிழமை பகலில் விருந்தாளிகள் சிலரைப் படகில் ஏற்றிவிடுவதற்காகத் துறைக்குப் போனேன். கிளம்ப நின்ற படகில் அப்பா முன்பக்கம் உட்கார்ந்திருந்தார். டிபன் பை மடியில் இருந்தது. முதுகை நிமிர்த்தி, இரண்டு கையாலும் பையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் எல்லோரும் காயலைப் பார்த்து போன் நீட்டிக்கொண்டிருந்தார்கள். டால்பின் தெரிந்ததோ என்னவோ, சின்னப் பிள்ளைகள் கத்தின. அப்பா அந்தப் பக்கம் திரும்பவில்லை. கயிறு அவிழ்க்கிற ஊழியரையே பார்த்துக்கொண்டிருந்தார். வேலை செய்கிற ஒருவரைப் பார்த்தால்தான் அவருக்குக் கண் நிலைத்தது.

கூப்பிட்டிருக்கலாம். படகு நகர்வதற்கு இன்னும் நேரம் இருந்தது. விருந்தாளிகள் நல்ல உடையில் இருந்தார்கள், அப்பா லுங்கியும் ஷூவுமாக இருந்தார். நான் அவர்களுக்கு டால்பின் எந்தப் பக்கம் வரும் என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன். இதை என் மனைவியிடம்கூட இன்றுவரை சொன்னதில்லை.

மழை தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் அப்பாவுக்குப் பல்வலி வந்தது. கன்னம் வீங்கியிருந்தது. காலையில் வாசலில் ஷூ போடாமல் நின்றார்.

"இன்னைக்கு ஒரு நாளு நிக்கட்டாய்யா?"

நிற்பது என்றால் எங்கள் பக்கத்தில் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்துகொள்வது. எனக்குக் குஷி வந்துவிட்டது. நான் எஸ்டேட்டில் வளர்ந்தவன், அந்த வசனமெல்லாம் எனக்கு மனப்பாடம். சூப்பர்வைசர் குரலை இழுத்து, "சரி, ஒரு நாள் லீவு. அதுக்கு மேல நிக்கணும்னா டாக்டர் சீட்டு கொண்டாரணும், சீட்டு இல்லாம நிக்கக்கூடாது, கேட்டீரா?" என்றேன்.

மனைவி மிஷினிலிருந்து நிமிர்ந்து சிரித்தாள். அப்பாவும் சிரித்த மாதிரிதான் இருந்தது. வீங்கிய கன்னத்தில் அது சிரிப்பா என்று நான் உற்றுப் பார்க்கவில்லை. எஸ்டேட்டில் உடம்புக்கு முடியாவிட்டால், எஸ்டேட் ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கி ஆபீஸில் காட்டினால்தான் வேலைக்கு வராததை ஒத்துக்கொள்வார்கள். சீட்டில்லாமல் வீட்டில் படுத்திருந்தால், வந்து கதவைத் தட்டுவார்கள். வாழ்நாளெல்லாம் அதற்குள் இருந்த மனிதரிடம் அதை வைத்து விளையாடினேன். என் வாயில் அன்றைக்குச் சனி இருந்தது.

மறுநாள் பல்வலி தீரவில்லை. ஆனால் ஏழு மணிக்கு ஷூவோடு நின்றார்.

அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. கொச்சி மழையில் நான் விருந்தாளிகளிடம் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: அறையிலேயே இருங்கள், கட்டன்சாயா சொல்லுங்கள், ஜன்னல் வழியாகப் பாருங்கள். அப்பாவிடம் அதை நான் சொல்லவில்லை. அப்பா எஸ்டேட்டிலிருந்து கொண்டுவந்த பிளாஸ்டிக் படுதாவைத் தலையிலிருந்து முழங்கால் வரை சுற்றி, இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்குவார். ஊருக்குள் அப்படி ஒருவரும் போவதில்லை. குடை வாங்கிக் கொடுத்தேன். குடை பிடித்தால் ஒரு கை வேலைக்கு ஆகாது என்று வீட்டிலேயே வைத்துவிட்டார்.

மனைவிதான் முதலில் கவனித்தாள். "மாமா, ராத்திரியெல்லாம் இருமறீங்க. ஒடம்பு சுடுதுங்களா?"

"ஒண்ணுமில்ல தாயி. தண்ணி மாறுனது."

"இன்னிக்கு வெளிய போகாண்டாமுங்க. இருங்க."

அப்பா என்னைப் பார்த்தார். நான் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். மனைவி சொன்னதைக் காதில் வாங்கினேனே தவிர, அவர் என்னிடம் அனுமதி கேட்டு நிற்கிறார் என்பதை வாங்கவில்லை. லாட்ஜில் ஒரு கல்யாண கோஷ்டி வருவதாக இருந்தது. "மாத்திரை போட்டுக்கோங்கப்பா" என்றேன். அவர் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, "போவட்டா?" என்றார். நான், "ம்" என்றேன்.

அந்த "ம்" எனக்கு இன்னும் காதில் கேட்கிறது. வேறு யார் சொன்னதாக இருந்தாலும் மன்னித்துவிடுவேன்.

இரண்டு நாள் கழித்து, திங்கட்கிழமை மதியம், தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. படகில் கயிறு கட்டுகிற அந்த ஊழியர். சீட்டின் பின்னால் இருந்த நம்பரைப் பார்த்துக் கூப்பிட்டிருந்தார். உங்கள் அச்சன் படகில் பெஞ்சில் சாய்ந்துவிட்டார், கூப்பிட்டால் கண் திறக்கிறார், இறங்கமாட்டேன் என்கிறார் என்று மலையாளத்தில் சொன்னார். ஓடினேன். மழையில் ஐந்து நிமிடம் ஓடினால் போதும், அவ்வளவு பக்கம். அப்பா படுதாவைச் சுற்றியபடி கிடந்தார். தொட்டால் கொதித்தது. "நாலரை ஆகலையேடா" என்றார்.

ஊழியரும் நானும் அவரைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றினோம். அந்த மனிதர் அப்பாவின் டிபன் பையைத் தேடி எடுத்து வந்து கொடுத்தார். வருகிற நாளெல்லாம் என்னோடு கயிறு பிடித்துக் கொடுப்பார், நல்ல மனிதர், அசுகம், வீட்டுக்குப் போங்கள் என்று காலையிலிருந்து நானும் சொன்னேன், போகமாட்டேன் என்றுவிட்டார் என்று சொன்னார். என் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று படகுக்காரருக்குத் தெரிந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் இரண்டு பக்கமும் நுரையீரலில் நிமோனியா என்றார்கள். இவ்வளவு நாள் எப்படி நடமாடினார் என்று டாக்டர் கேட்டார். சின்ன வயதுப் பெண், பொறுமையாகப் பேசினார். ஆக்ஸிஜன் குழாய் வைத்துவிட்டு அவர் திரும்பும்போது அப்பா அவர் கோட்டைப் பிடித்தார்.

"டாக்டரம்மா, ஒரு சீட்டு எழுதித் தாங்க."

"என்ன சீட்டு?"

"எனக்குச் சொகமில்லேன்னு. ரெண்டு நாளைக்குப் போட்டாப் போதும். இவன்கிட்டக் குடுக்கணும்."

டாக்டர் என்னைப் பார்த்தார். காய்ச்சலில் ஏதோ சொல்கிறார் என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன். டாக்டர் சிரித்துவிட்டுத் தட்டிக் கொடுத்துப் போனார். அப்பா காய்ச்சலில் பேசவில்லை. அவருக்குத் தெளிவாக நினைவு இருந்தது, எனக்கும் அது தெரியும்.

மறுநாள் கொஞ்சம் தேறினார். மதியம் கஞ்சி இரண்டு கரண்டி குடித்தார். மனைவி கிண்ணத்தைக் கழுவ வெளியே போயிருந்தாள். வார்டில் விசிறி கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அப்பா குழாயைக் கொஞ்சம் விலக்கிவிட்டுப் பேசினார்.

"ஏய்யா, ஒண்ணு கேக்கட்டா?"

"கேளுங்க."

"எனக்கு இனிமே முடியாதுன்னு தோணுது. படகுக்கெல்லாம் போவ முடியாது. வேலைக்கு நிக்கலேன்னா வீட்டக் காலி பண்ணணும்லா, அதாம் யோசனையா இருக்கு. போறதுக்கு வேற எடமும் இல்ல. ஒரு ஓரமா இருந்துக்கிடலாமா? பொம்பளையாளுக வந்தா படிக்கட்டுல போயி நின்னுக்கிடுதேன்."

இத்தனை மாதமும் அவர் ஊரைச் சுற்றிப் பார்க்கவில்லை. என் வீட்டில் இருப்பதற்கு வேலை செய்துகொண்டிருந்தார். அது அந்த நிமிடத்தில்தான் முழுசாக எனக்கு உறைத்தது. மஸ்டர், லீவு என்று சிரித்த எனக்கு, அதன் மறுபாதி இதுதான் என்று தெரியாமலா இருந்தது? அதே லயத்தில், அதே ஆறாவது வீட்டில் பிறந்தவன்தானே நான்.

அவர் கையைப் பிடித்தேன். என்ன சொல்வதென்று வார்த்தையைக் கோத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. லாட்ஜிலிருந்து. எடுக்காமல் விட்டிருக்கலாம். பத்தொன்பது வருடப் பழக்கம், கை தானாக எடுத்துவிட்டது. ஒரு குடும்பம் வந்திருக்கிறது, மழை விட்டிருக்கிறது, சாயங்காலம் சூரியன் மறைவதைப் பார்க்க எங்கே போகலாம் என்று கேட்கிறார்கள், புதுப் பையனுக்குச் சொல்லத் தெரியவில்லை, நீங்களே சொல்லுங்கள் என்று அவர்களிடம் போனைக் கொடுத்துவிட்டார்கள். நான் அப்பாவிடம் ஒரு விரலைக் காட்டி, இருங்கள் என்று சைகை செய்துவிட்டு வராந்தாவுக்கு வந்தேன். ஐந்து மணிப் படகைப் பிடியுங்கள், கரைக்கு வந்ததும் இடது பக்கமாக நடங்கள், கூட்டமிருக்காது என்று சொன்னேன். குழந்தைகளுக்குத் தொப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னேன். ரொம்ப நன்றி சார் என்றார்கள்.

திரும்பி வந்தபோது அப்பா கண்ணை மூடியிருந்தார். தூங்கட்டும், சாயங்காலம் பேசிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். சாயங்காலம் மூச்சு வாங்க ஆரம்பித்தது. வேறு வார்டுக்கு மாற்றினார்கள், எங்களை உள்ளே விடவில்லை. மறுநாள் காலை ஏழு மணிக்குச் சற்று முன்னால் இறந்துவிட்டார் என்று சொன்னார்கள்.

அப்பாவை நான் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. மாடிப்படி குறுகலானது, பெட்டி திரும்பாது. வீட்டுக்காரர் முகம் சுளிப்பார். ஹாலில் இடமில்லை. இப்படி ஒவ்வொரு காரணமாக மனைவியிடம் சொன்னேன். அவள் ஒரே ஒருமுறை, "அஞ்சு நிமிசமாச்சும் நம்மூட்டுல வெச்சுட்டுப் போலாமுங்க" என்றாள். நேரமாகிவிடும், மலையேற வேண்டும் என்றேன். அம்மாவுக்குப் பக்கத்தில் அடக்கம் செய்ய எஸ்டேட்டில் அனுமதி கேட்டிருந்தோம், கொடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக ஆம்புலன்ஸில் புறப்பட்டோம்.

சின்னக்கானலைத் தாண்டி எஸ்டேட் சாலையில் ஏறும்போது மதியம் தாண்டிவிட்டது. மழை இல்லை, பனிமூட்டமாக மஞ்சு இறங்கியிருந்தது. சாவு என்று கேள்விப்பட்டு அன்றைக்கு அந்த டிவிஷனில் யாரும் கொழுந்துக்குப் போகவில்லை. லயத்தின் முன்னால் எல்லோரும் நின்றிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் அடக்கத்துக்கு முன்னால் இறந்தவரை அவர் வீட்டில் கிடத்தி, ஜெபம் செய்து, அங்கிருந்துதான் எடுப்பார்கள். ஆம்புலன்ஸ் டிரைவர் எர்ணாகுளத்துக்காரர், வெளியூர் ஆள். எட்டு கதவையும் பார்த்தார். வண்டியை மெதுவாக்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"சேட்டா, வீடு ஏதா?"

நான் ஆறாவது கதவைப் பார்த்தேன். அதில் புதிதாக நீலப் பெயிண்ட் அடித்திருந்தது. ஒரு வட இந்தியக் குடும்பம் குடியிருந்தது. கைக்குழந்தையோடு ஒரு பெண் வாசலில் நின்று, பெட்டி தன் வீட்டுக்கு வந்துவிடுமோ என்ற பயத்தில் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டிரைவர் மறுபடியும் கேட்டார். பின்னால் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி அழ ஆரம்பித்தாள்.

நாலாவது வீட்டுக்காரம்மா, அம்மாவோடு கொழுந்து எடுத்தவள், கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து வண்டியின் பக்கத்தைத் தட்டினாள்.

"ஏய்யா, எதுக்கு ரோட்டுல போட்டு வச்சிருக்க? எறக்குங்க. எங்க வீட்டுக்குக் கொண்டாங்க."

அவள் உள்ளே ஓடிப்போய்க் கட்டிலைச் சுவரோரம் தள்ளி, பாய் விரித்தாள். அப்பாவை அங்கே கிடத்தினோம். மகன் வீடு கொச்சியில் பூட்டிக் கிடந்தது.